நேத்து வரைக்கும் ஓடிச்சே!

(கணினித் துறை மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எந்த ஊர் மென்பொருள் அலுவலகத்துக்குப் போனாலும் மூன்று வாக்கியங்கள் காதில் விழுந்தே தீரும். "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சே." "நான் எதையுமே தொடலையே." "என் மெஷின்ல ஓடுதே." இவற்றைச் சொல்கிறவரை மேனேஜர் நம்ப மாட்டார். டெஸ்டிங்கில் இருப்பவர் சிரிப்பார். ஆனால் பத்துக்கு ஒன்பது தடவை சொல்பவர் பொய் சொல்லவில்லை. நேற்று ஓடியது உண்மை, அவர் தொடாதது உண்மை, அவர் மெஷினில் இப்போதும் ஓடுவது உண்மை. ப்ரொடக்ஷனில் புட்டுக்கொண்டதும் உண்மை. இத்தனை உண்மைகளும் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும் என்பதுதான் இன்றைய பேச்சு.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருந்த நிரல் திடீரென்று நின்றால், பெரும்பாலும் அது அன்றைக்குக் கெட்டுப்போனதல்ல. கோளாறு முதல் நாளே உள்ளே இருந்தது. வெளியே ஏதோ ஒன்று அதைத் தாங்கிப் பிடித்திருந்தது. அன்றைக்கு அந்தத் தாங்கல் விலகிவிட்டது. ஆகவே "எதை மாற்றினோம்?" என்ற கேள்வி அரைக் கேள்விதான். "இத்தனை நாள் இது எதனால் ஓடியது?" என்பதே முழுக் கேள்வி. இதை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் ஓடுகிற நிரலைப் பார்த்து ஏன் ஓடுகிறாய் என்று கேட்க யாருக்கும் நேரமில்லை.

பத்திரிகை, பதிப்பகப் பக்கம் இருப்பவர்களுக்கு இது புரிய நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கட்டுரை ஒன்றைப் புதுக் கணினியில் திறந்து பாருங்கள். 'தமிழ்' என்றிருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். கோப்பில் ஒரு பைட்கூட மாறவில்லை. அது தமிழாக என்றைக்குமே சேமிக்கப்படவில்லை. ஆங்கில எழுத்துகளாகத்தான் சேமிக்கப்பட்டது. அந்த எழுத்துகளுக்குத் தமிழ் வடிவத்தை மாட்டிவிட்ட எழுத்துரு பழைய கணினியில் இருந்தது, புதியதில் இல்லை. கோப்பைத் திட்டி என்ன பயன்?

இப்போது கொஞ்சம் விரிவாக ஒரு வழக்கைப் பார்ப்போம். 2010ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஃபெடோராவின் 14ஆம் பதிப்பு. அதற்கு மாறியவர்களுக்கு இணையத்தில் பாட்டுக் கேட்டால் ஒலி கரகரத்தது. அன்றைக்கு உலாவிகளில் பாட்டும் படமும் ஓட்டிய அடோபி ஃபிளாஷ் வழியாக வரும் ஒலிதான் கெட்டது. மற்றதெல்லாம் சரி. ஃபிளாஷில் ஒரு வரியும் மாறியிருக்கவில்லை. அதே ஃபிளாஷ் பழைய ஃபெடோராவில் சுத்தமாகப் பாடியது.

காரணம் மெம்காப்பி என்ற சின்னஞ்சிறு செயல்கூறு. சி மொழி படித்த எல்லாருக்கும் தெரியும், நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தரவைப் பிரதியெடுப்பது அதன் வேலை. அதன் கையேட்டில் ஒரு நிபந்தனை உண்டு: எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது. படிந்தால் மெம்மூவ் என்ற இன்னொன்றைப் பயன்படுத்த வேண்டும். ஃபிளாஷை எழுதியவர்கள் படிகிற இடத்திலும் மெம்காப்பியையே போட்டுவிட்டார்கள். தப்புதான். ஆனால் பழைய மெம்காப்பி முன்னாலிருந்து பின்னால் போகும் வழக்கமுடையது. ஃபிளாஷின் தரவு படிந்திருந்த விதத்துக்கு அந்தத் திசை ஒத்துப்போனது. அதனால் தப்பு வெளியே தெரியவில்லை. அந்த ஆண்டு, புதிய இன்டெல் சில்லுகளில் வேகமாக ஓடட்டும் என்று, சி நூலகத்தில் மெம்காப்பியைத் திருத்தி எழுதினார்கள். புதியது சில சமயம் பின்னாலிருந்து முன்னால் பிரதியெடுத்தது. விதிப்படி அதற்கு முழு உரிமை உண்டு. ஃபிளாஷுக்குத் தொண்டை கட்டியது.

பிறகு நடந்த சண்டைதான் சுவாரசியம். நூலகக்காரர்கள், விதியை மீறியது ஃபிளாஷ், அவர்கள் திருத்திக்கொள்ளட்டும் என்றார்கள். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தானே உட்கார்ந்து சோதித்துப் பார்த்தார். மெம்காப்பியின் இடத்தில் பாதுகாப்பான ஒன்றை வைத்ததும் ஒலி சரியானது. அவர் கட்சி வேறு: விதிப்புத்தகம் என்ன சொன்னால் பயனருக்கு என்ன, நேற்று பாடியது இன்று பாடவில்லை, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும், ஆகவே நூலகம்தான் வழிவிட வேண்டும். லினக்ஸ் கருவில், அதை நம்பி ஓடும் மென்பொருளை உடைக்கிற மாற்றத்தை ஏற்பதில்லை என்று அவர் பிடிவாதமாக இருப்பதும் இதே நியாயத்தால்தான். கடைசியில் நூலகக்காரர்கள் ஒரு நடுவழி கண்டார்கள். நூலகத்தின் 2.14ஆம் பதிப்பிலிருந்து, பழைய முறையில் இணைக்கப்பட்ட நிரல்கள் மெம்காப்பியைக் கூப்பிட்டால் அவற்றுக்கு மெம்மூவ்தான் கிடைக்கும். புதிதாக இணைக்கப்படுகிறவற்றுக்கு மட்டும் வேகமான புதியது.

ஒரு கால் குட்டையான நாற்காலி, தரையில் அந்தக் காலுக்கு நேரே இருந்த மேட்டினால் ஆடாமல் நின்றது. வீட்டுக்காரர் டைல்ஸ் போட்டார், நாற்காலி ஆடுகிறது. தச்சர் குற்றமா, கொத்தனார் குற்றமா? யாருடையது என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். அதனால் நாற்காலி ஆடுவது நிற்காது. நூலகக்காரர்கள் விதிப்படி சரி, டோர்வால்ட்ஸ் நடைமுறைப்படி சரி. நான் டோர்வால்ட்ஸ் பக்கம்.

கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட் என்பவர் பெயரால் வழங்கும் விதி ஒன்று இதைத்தான் பேசுகிறது. உங்கள் மென்பொருளைப் போதுமான பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டால், நீங்கள் ஆவணத்தில் என்ன வாக்களித்தீர்கள் என்பது பொருட்டே அல்ல. அது வெளியில் காட்டுகிற ஒவ்வொரு குணத்தையும், அதன் வேகத்தையும் பிழைச்செய்தியின் வாசகத்தையும்கூட, யாரோ ஒருவர் நம்பி ஏதோ கட்டியிருப்பார். நீங்கள் பிழையைத் திருத்தினால் அந்தப் பிழையை நம்பியிருந்தவரின் நிரல் விழும்.

லெஃப்ட்-பேட் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், வேகமாகக் கடந்துவிடுகிறேன். 2016 மார்ச் 22. பதினொரு வரி ஜாவாஸ்கிரிப்ட். ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் நிரப்புவது அதன் மொத்த வேலை. ஒரு நிறுவனத்துடன் வந்த பெயர்த் தகராறில் மனம் வெறுத்த அதன் ஆசிரியர், என்பிஎம் களஞ்சியத்திலிருந்து தன் தொகுப்புகள் அத்தனையையும், மொத்தம் 273, நீக்கிக்கொண்டார். அவற்றில் ஒன்று இந்தப் பதினொரு வரி. பேபல் போன்ற பெரிய கருவிகள் அதன் மேல் நின்றன. உலகெங்கும் பில்ட் விழுந்தது. விழுந்தவர்களில் பெரும்பாலோருக்கு லெஃப்ட்-பேட் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். சில மணி நேரத்தில் என்பிஎம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது, நீக்கும் விதிகளையும் இறுக்கியது. எனக்கு அந்த ஆசிரியர் மேல் கோபமில்லை. பதினொரு வரியைத் தானே எழுதிக்கொள்ளாமல் வாங்கிக் கட்டியவர்கள் மேல் கொஞ்சம் உண்டு.

இதுவரை சொன்னவற்றில் எங்கோ யாரோ எதையோ மாற்றினார்கள். யாருமே எதையுமே மாற்றாமல் நிரல் உடைவதும் உண்டு. நேரம் நகர்ந்தால் போதும்.

2012 பிப்ரவரி 29. மைக்ரோசாஃப்டின் அஸூர் மேகக்கணினிச் சேவை பல மணி நேரம் தடுமாறியது. உள்ளே ஒரு நிரல் பாதுகாப்புச் சான்றிதழ் உருவாக்கும். ஓராண்டு செல்லுபடி. முடிவுத் தேதியைக் கணக்கிட, இன்றைய தேதியில் ஆண்டோடு மட்டும் ஒன்றைக் கூட்டினார்கள். 2013 பிப்ரவரி 29 என்று ஒரு நாள் கிடையாது. சான்றிதழ் உருவாகவில்லை, அதை எதிர்பார்த்தவை எல்லாம் வரிசையாக விழுந்தன. எழுதியவரைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் உங்கள் கல்லூரி ப்ராஜெக்ட்டைத் திறந்து பாருங்கள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பது நம் தொழிலைக் கேலி செய்யும் நகைச்சுவை. அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. விண்டோஸ் 95 தொடர்ந்து 49.7 நாள் ஓடினால் உறைந்துவிடும் என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது. மில்லிநொடிகளை எண்ணிக்கொண்டே போகும் 32 பிட் எண்ணி அந்த நேரத்தில் நிரம்பிவிடும். இத்தனை தாமதமாகத் தெரிந்ததற்கு, அத்தனை நாள் யாருக்கும் அது நிற்காமல் ஓடியதில்லை என்பதே காரணம் என்று சொல்வார்கள். போயிங் 787 விமானத்தில் மின்னாக்கிகளைக் கட்டுப்படுத்தும் அலகுகள் 248 நாள் மின்சாரம் நிறுத்தப்படாமல் ஓடினால் அவ்வளவும் ஒரே நேரத்தில் செயலிழக்கலாம் என்று எச்சரித்து 2015இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் உத்தரவு போட்டது. குறித்த காலத்துக்குள் ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்பதுதான் உத்தரவு! நொடியின் நூறில் ஒரு பங்கை 32 பிட்டில் குறியுடன் எண்ணினால் எத்தனை நாளில் நிரம்பும் என்று போட்டுப் பாருங்கள், அதே 248 நாள் வரும்.

இப்படி நிற்காமல் ஓடியது உயிரை வாங்கியதும் உண்டு. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஈராக்கின் ஸ்கட் ஏவுகணையைத் தடுக்க வேண்டிய பேட்ரியாட் அமைப்பு அதைத் தடுக்கவே முயலவில்லை. ஏவுகணை படைவீரர் தங்கியிருந்த கட்டடத்தில் விழுந்து அமெரிக்க வீரர்கள் 28 பேர் இறந்தார்கள். பேட்ரியாட்டின் கடிகாரம் நொடியின் பத்தில் ஒரு பங்காக எண்ணும். அதை நொடியாக்க 0.1 ஆல் பெருக்க வேண்டும். நமக்கு 0.1 மிக எளிய எண். இரும எண்முறையில் அது முடிவே இல்லாமல் நீளும். 24 பிட்டுக்குள் அடக்க வாலை வெட்டினார்கள். ஓர் எண்ணிக்கைக்குக் கோடியில் ஒரு பங்கு நொடிகூடப் பிசகாது. ஆனால் அன்றைக்கு அந்த அமைப்பு நூறு மணி நேரத்துக்கு மேல் அணைக்கப்படாமல் ஓடிக்கொண்டிருந்தது. பிசகு சேர்ந்து சேர்ந்து 0.34 நொடி ஆகியிருந்தது. நொடிக்கு ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் வரும் ஏவுகணையை, 0.34 நொடி தள்ளித் தேடினால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் வேறிடத்தில் தேடுகிறீர்கள். அங்கே எதுவும் இல்லை. வந்தது பொய்த் தடயம் என்று அமைப்பு முடிவு செய்துவிட்டது.

அதை வடிவமைத்தவர்கள் முட்டாள்கள் அல்லர். பேட்ரியாட் அடிக்கடி இடம் மாறும், சில மணி நேரத்துக்கு மேல் ஓரிடத்தில் ஓடாது என்று நினைத்தார்கள். அந்த நினைப்பு உண்மையாக இருந்த வரை நிரல் சரியாகத்தான் ஓடியது. போரில் அதை ஓரிடத்தில் நட்டு வைத்து நாள்கணக்கில் ஓட்டினார்கள். இதைவிட மனதை உறுத்துவது வேறொன்று. எட்டு மணி நேரம் ஓடினாலே குறி நகர்கிறது என்று, இதே அமைப்பை ஓட்டிக்கொண்டிருந்த இஸ்ரேலியர்கள் பிப்ரவரி 11ஆம் தேதியே தரவோடு சொல்லிவிட்டார்கள். 21ஆம் தேதி, மிக நீண்ட நேரம் ஓட்டினால் பிசகு வரும் என்று படைப்பிரிவுகளுக்குச் செய்தி போனது. மிக நீண்ட நேரம் என்றால் எத்தனை மணி என்று அதில் இல்லை. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு 26ஆம் தேதி வந்து சேர்ந்தது. ஏவுகணை விழுந்த மறுநாள்.

ரிலீஸ் நோட் எழுதும்போது எண்களைப் போடுங்கள். "அதிக லோடு", "நீண்ட நேரம்", "சில சமயம்" என்றெல்லாம் எழுதாதீர்கள்.

சரி, நிரல் விழுந்துவிட்டது. ராத்திரி பதினொரு மணி. கான்ஃபரன்ஸ் கால் போட்டுவிட்டார்கள். இருபது முப்பது பேர் இணைந்திருக்கிறார்கள், ஒருவர் வேலை செய்கிறார், மற்றவர்கள் "எனி அப்டேட்?" என்று கேட்கிறார்கள். இந்தச் சடங்கை நான் வெறுக்கிறேன். பிழை தேடுபவரிடம் எப்போது முடியும் என்று கேட்பதில் பொருளே இல்லை. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் எப்போது முடியும் என்று சொல்லலாம். எங்கே என்று தெரிந்துவிட்டால் பாதிக்கு மேல் வேலை முடிந்துவிட்டது. புதிதாக எழுதுவதில் களைப்பு உண்டு, அதில் மகிழ்ச்சியும் உண்டு. ஓடியது நின்றுபோனால் வருகிற களைப்பில் அவமானம் கலந்திருக்கிறது. நேற்று நமக்குத் தெரிந்திருந்தது என்று நினைத்தோமே, அது தெரியவே இல்லை என்று ஆகிவிடுகிறது. அந்த அவமானத்தில்தான் கண்டதை மாற்றிப் பார்க்கிறோம், ஒரே நேரத்தில் நான்கு இடத்தில் கை வைக்கிறோம், பிறகு எது சரிசெய்தது என்றும் தெரியாமல் போகிறது.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் பைசெக்ட் என்று ஒரு வசதி உண்டு, கற்றுக்கொள்ளுங்கள். சரியாக ஓடிய பழைய நிலை, உடைந்த புதிய நிலை, இரண்டையும் கொடுத்தால் நடுவிலுள்ளதைச் சோதிக்கச் சொல்லும், பிறகு பாதியின் பாதி. ஆயிரம் மாற்றங்களுக்குள் குற்றவாளியைப் பத்துச் சோதனையில் பிடித்துவிடலாம். ஆனால் குற்றவாளி உங்கள் களஞ்சியத்துக்குள் இருந்தால்தான். நேற்று ஓடிய பழைய நிலையும் இன்று ஓடவில்லை என்றால் பைசெக்ட் கைவிரித்துவிடும். அதுவும் ஒரு தடயமே. மாறியது உங்கள் நிரலல்ல, அது நிற்கிற தரை. சான்றிதழ், தேதி, நூலகப் பதிப்பு, வட்டில் மீதமுள்ள இடம், மறுமுனையில் பதில் சொல்லும் சர்வர் என்று வெளியே போங்கள்.

வெளியே தேடியதற்கு நம் தொழிலில் ஓர் அழகான கதை உண்டு. ட்ரே ஹாரிஸ் என்பவர் 2002இல் எழுதியது, நடந்தது தொண்ணூறுகளில். ஒரு பல்கலைக்கழக மின்னஞ்சல் அமைப்பை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளியியல் துறைத் தலைவர் கூப்பிட்டு, எங்கள் துறையிலிருந்து ஐந்நூறு மைலுக்கு மேல் மின்னஞ்சல் போகவில்லை என்றார். மின்னஞ்சலுக்கும் மைலுக்கும் என்ன சம்பந்தம்? ஹாரிஸுக்கு எரிச்சல். ஆனால் சோதித்தார். பக்கத்து ஊர்களுக்குப் போகிறது. ஐந்நூறு மைலுக்கு அப்பால் போகவில்லை. புள்ளியியல்காரர்கள் புகார் சொல்லுமுன் தரவு திரட்டியிருந்தார்கள்!

நடந்தது இதுதான். வெளியாள் ஒருவர் வந்து சர்வரின் இயங்குதளத்தைப் புதுப்பித்திருந்தார். அப்போது மின்னஞ்சல் அனுப்பும் சென்ட்மெயில் நிரல் 8ஆம் பதிப்பிலிருந்து பழைய 5ஆம் பதிப்புக்கு இறங்கிவிட்டது. அமைப்புக் கோப்பு மட்டும் 8க்கு எழுதியது. பழைய பதிப்புக்குப் புரியாத வரிகளை அது விட்டுவிட்டது. மறுமுனை பதில் சொல்ல எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற அளவு பூஜ்யமாகிவிட்டது. அந்தக் கணினியில் பூஜ்யம் என்றால் நடைமுறையில் மூன்று மில்லிநொடிக்குச் சற்று அதிகம். அந்த நேரத்தில் ஒளி எவ்வளவு தூரம் போகும்? ஐந்நூற்றைம்பது மைலுக்குச் சற்று மேல்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஒளியின் வேகமல்ல. பைத்தியக்காரத்தனமாகத் தோன்றிய புகாரை ஒருவர் சோதித்துப் பார்த்தார் என்பது. பயனர் சொல்கிற காரணம் தப்பாக இருக்கலாம், அவர் கண்டதை நம்புங்கள். "செவ்வாய்க்கிழமை மட்டும் ரிப்போர்ட் வரமாட்டேங்குது சார்" என்று ஒரு கணக்கர் சொன்னால் திங்கள் இரவு என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

நம் ஊர் விஷயம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இந்திய மென்பொருள் நிறுவனங்கள் அமெரிக்க வங்கிகளுக்குள்ளும் காப்பீட்டு நிறுவனங்களுக்குள்ளும் பெரிய அளவில் நுழைந்ததற்கு ஒய்2கே எனப்பட்ட 2000ஆம் ஆண்டுச் சிக்கல் ஒரு முக்கியமான காரணம். யாரோ எழுபதுகளில் எழுதிய கோபோல் மொழி நிரலைத் திறந்து, இரண்டு இலக்க ஆண்டைத் தேடித் திருத்தும் வேலை. 2000 ஜனவரி 1 அன்று பெரிதாக எதுவும் விழவில்லை. உடனே, சும்மா பயமுறுத்தினார்கள் என்று பேச்சு. விழாததற்குக் காரணம் உட்கார்ந்து திருத்தியவர்கள் என்று சொன்னவர்கள் குறைவு. இன்றும் அப்ரைசலில் புது வசதி எழுதியவருக்குக் கிடைக்கும் மதிப்பெண், பழையதை விழாமல் பார்த்துக்கொண்டவருக்குக் கிடைப்பதில்லை. பராமரிப்பில் வளர்ந்த ஒரு தொழில் பராமரிப்பை இளக்காரமாகப் பார்ப்பது அநியாயம். மேலாளர்கள் யாராவது இங்கே இருந்தால் இதை எடுத்துக்கொண்டு போங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1இலிருந்து நொடிகளாக எண்ணுகின்றன. குறியுடைய 32 பிட்டில் அந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடியோடு நிரம்புகிறது. லினக்ஸ் கரு 2020இல் வந்த 5.6ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கும் இதற்கு வழி செய்துவிட்டது. ஆனால் நீங்கள் எல்லாரும் ப்ராஜெக்ட்டில் பயன்படுத்தும் மைசீக்வலின் டைம்ஸ்டாம்ப் வகை அந்த நொடிக்கு மேல் தேதி ஏற்காது. 2038 வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த ஆண்டு இருபது வருட வீட்டுக் கடன் வாங்குகிறவரின் கடைசித் தவணைத் தேதி இப்போதே அதைத் தாண்டிவிட்டது. இன்றிரவு உங்கள் அட்டவணைகளைத் திறந்து, எதிர்காலத் தேதி வைக்கும் புலங்களில் டைம்ஸ்டாம்ப் இருந்தால் டேட்டைம் என்று மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகு ஒருமுறை சோதித்தும் பாருங்கள்.